எடுக்கச் சொன்ன புத்தகம்

சனிக்கிழமைக் காலைகளில் ஏதோ ஒரு தேவாலயத்தின் குளிர்ந்த மண்டபத்தில், மடக்கு நாற்காலியில் இருந்து தமிழ் எழுதப் பழகியவர்கள் நாங்கள். மிச்ச நாட்களில் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தோம், ஆங்கிலத்திலேயே கனவும் கண்டோம். வீட்டில் சோறு கேட்பதற்கும், ஊரில் இருக்கும் யாரோ ஒருவரிடம் தொலைபேசியில் "சுகமா இருக்கிறன்" என்று சொல்வதற்கும் மட்டும் தமிழை வைத்திருந்தோம். இப்போது எங்களுக்கும் நாற்பது நெருங்கிவிட்டது. சின்ன எழுத்தைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் வாசிக்க முடிகிறது. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில், இன்ன புத்தகம் நூலகத்தில் இருக்கலாமா கூடாதா என்று எங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

போன மாதம் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். என் முறை வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. லண்டன் பிளேஸ்டோவில் நான் எட்டாம் வகுப்புப் படித்த குளிர்காலம் வந்து முன்னால் நின்றுவிட்டது. அங்கே சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஊரில் அப்போது போர்நிறுத்தம். பாதை திறந்துவிட்டார்கள், யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஓடுகிறது என்ற கதைதான் அப்பாவின் கடையில் எந்த நேரமும். அந்தக் கடையை உங்களில் பலருக்குப் பார்க்காமலே தெரியும். மெழுகு பூசிய மரவள்ளிக்கிழங்குப் பெட்டி, பாரையும் விளைமீனும் கல்லாக உறைந்து கிடக்கும் பெரிய பிரீசர், கல்லாவுக்குப் பின்னால் வாடகைக்கு விடும் வீடியோ கசெட்டுகள், கண்ணாடிக்குக் கீழே தொலைபேசி கார்டுகள். கார்டை வாங்கியவர்கள் நாணயத்தால் அங்கேயே சுரண்டுவார்கள். அந்த வெள்ளித் தூள் என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வரும். கருவாட்டு மணமும் கூடவே வரும். பள்ளிக்கூடக் கோட்டைக் கடைக்குள் போட்டுக்கொண்டு போகவே மாட்டேன்.

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் தமிழ் ஆட்கள். அவர்கள் வந்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு. எனக்கே அது தெரியும் என்றால் அப்பாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில்தான் அக்கா எங்களிடம் வந்தாள். என் கூடப் பிறந்தவள் இல்லை. அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, வன்னியில் இருந்தார். அவருடைய மகள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். விமான நிலையத்தில் அவளைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. படத்தில் இரட்டைப் பின்னலோடு இருந்தவள், காது வரைக்கும் மட்டும் முடியோடு வந்து நின்றாள்.

"நெருப்புக் காய்ச்சல் வந்ததெல்லோ, அதிலை தலைமயிர் முழுக்கக் கொட்டிப்போச்சு" என்று அம்மா கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். அகதி வழக்குப் பார்த்த வக்கீலிடமும் அதையே சொல்லும்படி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். டைபாய்டு வந்த பெண், படிக்க வந்தவள், குண்டுச் சத்தத்துக்குப் பயந்து வந்தவள். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

அக்கா என் அறையில்தான் படுத்தாள். கட்டிலை எனக்கு விட்டுவிட்டு நிலத்தில் மெத்தையை விரித்துக்கொள்வாள். அதிகம் பேச மாட்டாள். எங்கே இருந்தாலும் முதுகு சுவரோடு இருக்கும். பகலில் ஆங்கில வகுப்புக்குப் போவாள். காலையில் நான் எழும்ப முதல் என் பள்ளிக்கூடப் பாவாடையை அயர்ன் பண்ணி, மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் நீவி, கதிரையில் தொங்கவிட்டிருப்பாள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள். அது ஏனென்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் பெண்களுக்கானது. நூலகம் மேல்மாடியில். ஹீட்டர் குழாய் ஜன்னலுக்குக் கீழே ஓடும். அதன்மேல் ஈரக் கையுறைகளைக் காயவைத்துவிட்டு முதுகைக் கொடுத்துக்கொண்டு வாசிப்போம். நூலக மிஸ் உயரமான வெள்ளைக்காரி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருப்பார், பக்கத்தில் போனால் பெப்பர்மின்ட் மணக்கும். புத்தகம் எடுத்தால் முதல் பக்கத்தில் ஒட்டிய தாளில் திகதி முத்திரையைக் குத்துவார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். இப்போது என் மகளின் பள்ளியில் இயந்திரம் ஒன்று 'பீப்' என்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு நாள் மிஸ் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்காகவே வாங்கினேன்" என்றார். "உங்கள் தீவைப் பற்றிய கதை. உன் கதை."

அட்டையில் ஒரு பனைமரம், அதன் அடியில் வெட்டிப் போட்ட ஒரு பின்னல். போரில் ஆயுதம் தூக்க வைக்கப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றிய நாவல். எழுதியவர் வெளிநாட்டுக்காரர். தலைப்பைச் சொல்லப் போவதில்லை. அந்தத் தீவில் நான் கைக்குழந்தையாக மட்டும்தான் இருந்தேன் என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார். வாசிப்பு வட்டத்தில் என்னை எழுப்பி, "இதைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல்" என்று கேட்டதும் நல்லதை நினைத்துத்தான். எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டாள். அவளும் பகிடியாகத்தான் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் என் சிநேகிதி. எங்கள் வகுப்பில் இருந்த மற்றத் தமிழ்ப் பிள்ளை. அவளையும் யாரோ அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள். அவளுடைய அப்பாதான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியை நடத்தியவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள்.

மாஸ்டரைப் பற்றி நீங்கள் பிழையாக நினைக்கக் கூடாது. அவருடைய தொழில் மொழிபெயர்ப்பு. நீதிமன்றம், ஆஸ்பத்திரி, கவுன்சில் அலுவலகம் எங்கும் தமிழர்களுக்காகப் போய் நிற்பவர். அப்பாவுக்குக் கடை எடுத்துக் கொடுத்ததும் அவர் பேசிய பேச்சுத்தான். அவர் வந்தால் அப்பா எழும்பி நிற்பார்.

ஒரு பின்னேரம் அவர் கடைக்கு வந்தார். நான் பிரீசருக்குப் பக்கத்தில் உப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, பள்ளிக்கூடத்திலை ஒரு புத்தகம் வாங்கி வச்சிருக்கினம். கேள்விப்பட்டனீங்களோ?"

"இல்லை மாஸ்டர். என்ன புத்தகம்?"

"எங்கட சனத்தைப் பற்றி ஆரோ ஒரு வெள்ளை எழுதினது. பிள்ளை பிடிகாரர் மாதிரி எழுதிக் கிடக்காம். இப்பவே எங்கட பிள்ளையளைத் துவக்குத் தூக்கியள் எண்டு நக்கல் அடிக்கினம். நாளைக்குக் கேஸ் கிடக்கிற சனத்துக்கு என்ன நடக்கும்? அதை நூலகத்திலையிருந்து எடுக்கச் சொல்லிக் கேக்கப்போறம். பெற்றோர் எல்லாரும் கையெழுத்து வைக்கினம். நீங்கள் முதல் வையுங்கோ."

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிரீசரின் மூடியில் தாளை வைத்து, குளிரில் மை இறங்காமல் பேனாவை உதறி உதறிக் கையெழுத்து வைத்தார். அந்தப் புத்தகம் என் பையில் இருந்தது. பை கல்லாவுக்குக் கீழே, அவருடைய காலடியில் இருந்தது.

நான் வாசிக்கத் தொடங்கியிருக்கவில்லை. தொடங்கியது அக்கா. அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் என் பையில் பென்சில் தேடியவள் அட்டையைப் பார்த்திருக்கிறாள். நான் அறைக்குள் போனபோது சுவரோடு சாய்ந்து, மடியில் அகராதியோடு, உதட்டை அசைத்து அசைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான். சில இடத்தில் மூச்சை விட்டுச் சிரிப்பாள். "விசரன்" என்பாள், எழுதியவரை. சில இடத்தில் புத்தகத்தைக் குப்புற வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நிற்பாள்.

"நல்ல கதையோ அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதிலை சோறு எண்டு எழுதியிருக்கிறதெல்லாம் பிழை" என்றாள். "நாங்கள்..." என்று தொடங்கி நிறுத்தி, "அங்கை அப்பிடிச் சமைக்கிறேல்லை" என்று முடித்தாள்.

பள்ளிக்கூடத்தில் விஷயம் சூடு பிடித்தது. தலைமை ஆசிரியை கூட்டம் வைப்பதாக அறிவித்தார். அதற்கு முதல் நிர்வாகக் குழுவினர் புத்தகத்தை வாசிக்க வேண்டும், இருப்பது ஒரு பிரதி, அது என் பெயரில் வெளியே இருக்கிறது. நூலக மிஸ் வகுப்புக்கே வந்து என்னிடம் கேட்டார். முகத்தில் முந்திய சிரிப்பு இல்லை. எங்கள் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் சிநேகிதியும் பார்த்தாள். அன்று பின்னேரமே செய்தி மாஸ்டர் வழியாக அப்பாவின் காதுக்குப் போய்விட்டது.

அப்பா கடையைப் பாதியில் அம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. அன்று படியில் ஏறும்போதே சத்தம் போட்டார்.

"எங்கை அந்தப் புத்தகம்? முதல் கையெழுத்து என்ரை. புத்தகம் கிடக்கிறது என்ரை வீட்டிலை. ஊர் சிரிக்குது!"

அக்கா நிலத்தில் இருந்தாள். புத்தகம் மடியில்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு, சித்தப்பா. முடிச்சிட்டுத் தாறன்."

"ஒரு பக்கமும் வாசிக்க வேண்டாம். தா இஞ்சை."

அப்பா குனிந்து புத்தகத்தைப் பிடித்து இழுத்தார். அக்கா எழும்பினாள். எழும்பிய விதத்தை எப்படிச் சொல்ல? கையை ஊன்றவில்லை. இருந்த இடத்திலிருந்து ஒரே வீச்சில் நிமிர்ந்து, காலை அகட்டி, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை. அப்பா பின்னால் நகர்ந்து கட்டிலில் முட்டிக்கொண்டார். அடுத்த கணம் அவள் கையை விட்டாள். தன் கையைத் தானே பார்த்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சித்தப்பா" என்றாள்.

அப்பா மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கீழே போனார். கதவடியில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது: காய்ச்சலில் படுத்து எழும்பிய ஒருத்தி இப்படி எழும்ப மாட்டாள். அப்பாவுக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது என்று நினைக்கிறேன். அம்மா அவருக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

புத்தகம் இரண்டு நாள் கழித்துத்தான் மிஸ்ஸிடம் போனது. முடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

அம்மா பயந்துபோனார். குசினியில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உன்ரை கேஸ் இன்னும் முடியேல்லை. இயக்கத்திலை நிண்டனீ எண்டு தெரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். எங்கட ஆக்களும் விடாயினம். கடை கிடக்கு. உன்ரை அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"நான் ஒண்டும் சொல்லப்போறேல்லை சித்தி. கேக்கத்தான் வாறன்."

மழை பெய்த ஒரு பின்னேரம். மாஸ்டர் தன் காரில் எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார். முன்னுக்கு அப்பா. பின்னுக்கு அம்மா, அக்கா, நான், என் சிநேகிதி. வழி முழுக்க அவரே பேசினார். நியாயமாகப் பேசவேண்டும், சத்தம் போடக் கூடாது, நாங்கள் படித்த சமூகம் என்று காட்ட வேண்டும் என்றார்.

பள்ளி மண்டபத்தில் நிலத்துக்குப் பூசும் மெழுகும் மத்தியானத்துச் சிப்ஸும் சேர்ந்து மணந்தன. மேடைக்குக் கீழே மேசை போட்டுத் தலைமை ஆசிரியையும் நிர்வாகக் குழுவினரும் இருந்தார்கள். பக்கத்தில் நூலக மிஸ், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு. புத்தகம் மேசை நடுவில் கிடந்தது. தமிழ்ப் பெற்றோர் எல்லாரும் ஒரு பக்கமாக இருந்தோம், கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி போல.

மாஸ்டர் எழும்பி அழகான ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் பிள்ளைகளை நடைபாதையில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னார். ஒரு சமூகத்தின் துன்பத்தை வெளியாள் ஒருவர் எழுதி, அந்தச் சமூகத்தின் பிள்ளைகளுக்கே பாடம் நடத்துவது சரியா என்று கேட்டார். கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

"நீங்கள் புத்தகத்தைப் படித்தீர்களா?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"தேவையான அளவுக்கு" என்றார் மாஸ்டர்.

நூலக மிஸ் எழும்பினார். "இந்தப் பிள்ளைகள் ஒரு புத்தகத்திலாவது தங்களைப் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினேன்" என்றார். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன், "இதிலா பார்க்க வேண்டும்?" என்று கத்தினார். மிஸ் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். வேறு யாரோ நூலகம் என்றால் எல்லாம் இருக்கத்தான் வேண்டும் என்றார். அதற்கு வேறு யாரோ பதில் சொன்னார். சத்தம் ஏறியது.

அப்போது அக்கா எழும்பி நின்றாள்.

அம்மா அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. "மை இங்கிலீஷ் ஸ்மால்" என்றாள். பிறகு வார்த்தை வராமல் தமிழில், "நான் கதைக்க வேணும்" என்றாள்.

தலைமை ஆசிரியை சுற்றிப் பார்த்தார். "மொழிபெயர்க்க யாராவது?"

மிஸ் என்னைக் காட்டினார். பாதி எழும்பிய என்னை அம்மா கீழே அமத்தினார். மண்டபத்தில் எல்லாருடைய கண்ணும் ஒரு ஆளிடம்தான் போனது. மாஸ்டர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பி வந்து அக்காவுக்குப் பக்கத்தில், நீதிமன்றத்தில் நிற்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கோ பிள்ளை."

"இந்தப் புத்தகத்திலை கன பிழை இருக்கு" என்றாள் அக்கா.

மாஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் பக்கத்தில் தலைகள் ஆடின.

"அதிலை வாற பெட்டை எந்த நேரமும் அழுதுகொண்டு இருக்கிறாள். அப்பிடி இல்லை. நாங்கள் பகிடி விட்டுச் சிரிச்சிருக்கிறம். ஒருத்திக்கு ஒருத்தி தலைமயிர் வெட்டி விட்டிருக்கிறம். களவா மாங்காய் புடுங்கித் திண்டிருக்கிறம்."

மாஸ்டர் அதை உடனே ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அக்கா பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் தமிழில் கேட்டார். முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

"பிள்ளை, 'நாங்கள்' எண்டு சொல்லுறியள். இதை நான் ஆங்கிலத்திலை சொன்னால் இந்த மண்டபம் முழுக்க விளங்கும். பிறகு திருப்பி எடுக்க ஏலாது. சொல்லத்தான் வேணுமோ?"

"சொல்லுங்கோ மாஸ்டர்."

அவர் சொன்னார். 'நாங்கள்' என்றே சொன்னார். எங்கள் பக்கத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"டியூசன் முடிஞ்சு வரேக்கை என்னை ஏத்திக்கொண்டு போனவை. இந்தத் தங்கச்சியின்ரை வயசு எனக்கு அப்ப. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடை போனனான்."

மாஸ்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். என் பக்கத்தில் இருந்த தன் மகளையும் பார்த்தார். பிறகு, நரைத்த மீசைக்குள் இருந்து அந்தக் கரகரத்த ஆண் குரல், "எனக்கு அப்போது இந்தச் சிறுமியின் வயது" என்று ஆங்கிலத்தில் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

"மாஸ்டர்! ஏன் உதெல்லாம் சொல்லிக்கொண்டு நிக்கிறியள்? நிப்பாட்டுங்கோ!" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

மாஸ்டர் திரும்பவில்லை. "அவ சொல்லுறா, நான் சொல்லுறன். என்ரை வேலை உதுதான்" என்றார்.

அக்கா மேசையில் கிடந்த புத்தகத்தைக் காட்டினாள்.

"என்ரை அம்மா முகாம் வாசலிலை வந்து நிண்டவ. மழையிலையும் நிண்டவ. என்ரை பிள்ளையைத் தாங்கோ, தாங்கோ எண்டு கத்தினவ. உள்ளுக்குள்ளை இருந்து எனக்குக் கேட்டது. இந்தப் புத்தகத்திலையும் ஒரு தாய் அப்பிடி வந்து நிக்கிறா. எழுதினவருக்கு ஆர் சொன்னதோ தெரியாது. அது மட்டும் பிழையில்லை."

மாஸ்டருக்கு முதல் வசனம் வந்தது. இரண்டாவது வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். நூலக மிஸ் தன் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்து நீட்டினார். குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எங்கள் வரிசைகளில் சிலர் எழும்பி வெளியே போனார்கள். ஒரு தாய் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்பா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எடுத்தால் பிழையும் போயிடும். அந்த மனுசியும் போயிடுவா" என்று சொல்லிவிட்டு அக்கா தன் கதிரையில் இருந்தாள். அம்மா அவளுடைய கோட்டை இன்னும் விடவில்லை. இழுக்கவும் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருக்கவில்லை. அப்பா பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். மாஸ்டரின் காருக்குப் பக்கத்தில் நின்ற ஆட்கள் எங்களைக் கண்டதும் விலகிப் போனார்கள். மாஸ்டர் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கோ, நனையாமல்."

வழி முழுக்க மழை துடைக்கும் சத்தம் மட்டும்தான். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது அவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒரு இடத்திலை நான் பிழை விட்டிட்டன். 'தாங்கோ' எண்டுதான் நீங்கள் சொன்னனீங்கள். நான் 'திருப்பித் தாங்கோ' எண்டு ஆங்கிலத்திலை சொல்லிப்போட்டன்."

அக்கா யோசித்தாள். "பரவாயில்லை மாஸ்டர். அம்மா அப்பிடித்தான் நினைச்சிருப்பா."

என் சிநேகிதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

முடிவு யாருக்கும் பிடிக்காத முடிவு. புத்தகத்தை எறியவும் இல்லை, நூலகத் தட்டில் வைக்கவும் இல்லை. நூலக மிஸ்ஸின் மேசைக்குப் பின்னால் ஒரு அலமாரியில் வைத்தார்கள். பெற்றோர் வந்து சம்மதம் சொன்னால் மட்டும் பிள்ளை எடுக்கலாம். அடுத்த கோடையில் மிஸ் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போய்விட்டார். போவதற்கு முதல் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அக்கா போகவில்லை. அவர்மேல் கோபம் இல்லை, என்ன கதைப்பதென்று தெரியவில்லை என்றாள்.

கடைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. சிலர் வெம்பிளி வரைக்கும் போய்ச் சாமான் வாங்கினார்களாம். ஒருநாள் அப்பா மீனை நிறுத்துக்கொண்டு நிற்கும்போதே, பழைய வாடிக்கையாளர் ஒருவர், "உங்கட வீட்டுப் பிள்ளை எங்களை எல்லாரையும் வித்துப்போட்டுது அண்ணை" என்றார். அப்பா தராசிலிருந்த மீனை எடுத்துத் திரும்பப் பிரீசருக்குள் போட்டு மூடினார்.

"பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் வெளியாலை போய்க் கதையுங்கோ."

அப்பா ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசியதை நான் அதற்கு முதலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. கடை அதன்பிறகு ஒரு வருஷம் போலத் தாக்குப் பிடித்தது. பிறகு அப்பா மினி கேப் ஓடினார்.

அம்மாவின் கணக்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. மறைத்தால் காப்பாற்றலாம் என்று அவர் நம்பிய கதைதான் அக்காவின் வழக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் வீட்டுக்கு வந்து, காய்ச்சல் வந்தவளுக்கு அடைக்கலம் கொடுக்க மாட்டார்கள், சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவளுக்குக் கொடுப்பார்கள் என்று அம்மாவுக்கு விளக்கினார். வக்கீலிடம் உள்ளதைச் சொல்லச் சொன்னார். கூடவே போனார். தெரிந்த ஆள் மொழிபெயர்க்கக் கூடாது என்று வக்கீல் வேறு ஒருவரை வைத்தபடியால், வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். வழக்கு இழுபட்டு இழுபட்டுத்தான் வென்றது. அக்கா தாதி வேலைக்குப் படித்தாள். இப்போது ஈலிங் பக்கம் இருக்கிறாள். பெரியம்மாவை அவளால் மறுபடி பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஊரில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

மாஸ்டரைத் தமிழ்ப்பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகச் சொன்னார்கள். அவர் விலகினார். அவர் மகள் எங்களோடு பேசாததற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் மாஸ்டர் இறந்துபோனார். அக்காவும் நானும் போனோம். ஆட்கள் குறைவு. தேநீர் கொடுக்கும் இடத்தில் அவருடைய மகள் எங்களைத் தேடி வந்தாள். அவள் என்னை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள்.

"அக்கா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்துக்குச் சம்மதம் கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே தகப்பன் என் அப்பாதான். அடுத்த கிழமையே போனார். என்னையும் அம்மாவையும் சாப்பாட்டு மேசையில் இருத்தி, ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். எனக்குக் கேட்க விருப்பம் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். உங்களைப் பார்த்தால் அதெல்லாம் ஞாபகம் வரும் என்றுதான் இவளோடும் பேசாமல் விட்டேன்."

"மாஸ்டருக்குப் பிடிச்சிருந்ததோ?" என்று அக்கா கேட்டாள்.

"பிடிக்கவே இல்லை" என்றாள் அவள். "பக்கத்துக்குப் பக்கம் எழுதியவனை ஏசினார். ஆனா கடைசி வரைக்கும் வாசிச்சார்."

கடைசி வசனத்தை மட்டும் தமிழில் சொன்னாள். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேசையில் கையை ஊன்றி மெல்லக் கதிரையில் இருந்தாள்.